இப்பவே சாருக்குப் பின்னிய உறை

நூலக்காவுக்கு அந்தப் பெயர் கம்பளி நூலால் வந்ததல்ல. அவள் பின்னல் ஊசியைக் கையில் எடுப்பதற்குப் பல வருஷம் முன்பே எங்கள் அச்சகத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டோம். ஐந்நூறு தாளை அடுக்கி, பக்கத்துக்கு இரண்டு தட்டுத் தட்டி, வெட்டும் இயந்திரத்தின் கத்திக்கு அடியில் தள்ளினாளானால் நூல் பிடித்த மாதிரி நிற்கும். மருந்துப் புட்டிக்கும் ஷாம்பு பாட்டிலுக்கும் ஒட்டுகிற லேபிள்கள்தான் எங்கள் அச்சகத்தின் பிழைப்பு. மயிரிழை கோணினாலும் வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவள் வெட்டிய கட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

நல்லவள்தான். ஆனால் கோபத்தை ஆறவிடுகிற ரகமில்லை. கல்யாணமான புதிதில் அவளுடைய அண்ணி, "பொண்ணு என்ன, காயப்போட்ட குச்சி மாதிரி இருக்கா" என்று யாரிடமோ சொன்னாளாம். அது காதில் விழுந்தும் நூலக்கா வாயைத் திறக்கவில்லை. பதினாறு வருஷம் கழித்து அந்த அண்ணி கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, "இப்பவாவது கண்ணு நல்லாத் தெரியுதா அண்ணி? நான் குச்சியா, ஆளா?" என்று கேட்டாள். அண்ணி குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

நான் பொட்டலம் கட்டும் மேஜையில் வேலை பார்த்தேன். அவளுடைய வெட்டும் இயந்திரம் என் மேஜையிலிருந்து பத்தடி தூரம். எங்களுக்கு மேலே இருந்த மேற்பார்வையாளரை நாங்கள் "இப்பவே சார்" என்போம். வேலைச் சீட்டு எதுவானாலும் கீழே "இப்பவே" என்று எழுதி அடிக்கோடு போடுவார். மழை வந்தால் தன் குடையைக் கொடுப்பார், காய்ச்சல் என்றால் மாத்திரை கொடுப்பார், ஐந்து நிமிஷம் மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டார். சட்டைப் பையில் ஒரு சின்ன டைரி. கையில் எப்போதும் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு எவர்சில்வர் கப், கைப்பிடி இல்லாதது. ஒரு நாளைக்கு ஆறு காபி. சூடு தாங்காமல் கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு இயந்திரம் இயந்திரமாக நடப்பார்.

வெட்டும் இயந்திரம் பழையது. ஆனால் அதைச் செய்தவன் புத்திசாலி. இடது பக்கம் ஒரு பட்டன், வலது பக்கம் ஒரு பட்டன். இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் கத்தி இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது கத்திக்கு அடியில் வைக்க மூன்றாவது கை யாருக்கும் கிடையாது.

அந்த வருஷம் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. இப்பவே சாருக்கு நூலக்காவின் வேகம் போதவில்லை. ஒரு பகல், அவளைத் தவிர நாங்கள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், தன் டைரியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எட்டாக மடித்து, இடது பட்டனின் சந்தில் செருகி, பட்டன் உள்ளே அழுந்தியே இருக்கும்படி பழுப்பு டேப்பால் இழுத்து ஒட்டினார். இனி வலது கையால் அழுத்தினாலே கத்தி இறங்கும், இடது கையால் தாளைச் சரிசெய்துகொண்டே இருக்கலாம், நேரம் பாதி மிச்சம்.

"சார், இது ஆபத்து" என்றாள் அவள்.

"பயமா இருந்தா சட்டைக்குப் பட்டன் தைக்கப் போ. இந்தப் பட்டனை எனக்கு விட்டுடு."

மூன்றே கால் மணிக்கு எனக்கு ஒரு சத்தம் கேட்டது. கத்தல்கூட இல்லை. யாரோ எதையோ மறந்துவிட்டு "ஐயோ" என்பார்களே, அப்படி. திரும்பிப் பார்த்தால் லேபிள் அடுக்கு முழுக்கச் சிவப்பு. இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டாவது கணுவோடு போயிருந்தன.

நாங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினோம். தொழிலாளர் துறை ஆய்வாளர் மறுநாள் வந்து, "இரண்டு பட்டன் இருக்கே, எப்படி வெட்டுச்சு?" என்று கேட்டபோது இப்பவே சார் சொன்னார்: "அந்தம்மாவே சோம்பேறித்தனத்துல ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டியிருந்தாங்க சார். ரத்தத்தைப் பாத்ததும் பதட்டத்துல நான்தான் பிச்சு எறிஞ்சேன்." அறிக்கையில் அப்படியே ஏறிவிட்டது. "பணியாளரின் கவனக்குறைவு."

நானும் நம்பினேன். அதை இங்கே எழுதிவிட வேண்டும். பத்தடி தூரத்தில் இருந்தவள் நான். அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை என்று தெரிந்தும், பெரிய ஆர்டர், அவசரம், செய்திருப்பாள் என்று நினைத்துவிட்டேன்.

அவள் கணவர் பஸ் ஓட்டுகிறவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் இப்பவே சார் அவர் தோளில் கை போட்டுத் தனியாக அழைத்துப் போய்ப் பேசினார். திரும்பி வந்த கணவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ரெண்டு பட்டனையும் அழுத்த உனக்கு என்னடி அவ்வளவு சோம்பேறித்தனம்?" என்று கேட்டார். "விரல் போனப்பகூட அப்படி வலிக்கலடி" என்று பின்னால் என்னிடம் சொன்னாள். அன்றிலிருந்து அவள் கோபம் கணவர் மேலும்தான். டேப் ஒட்டியது இப்பவே சார்தான் என்று எல்லோரிடமும் சொன்னாள். சாட்சி யார் என்று கேட்டார்கள். யாருமில்லை.

காயம் ஆறியதும் ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பெண் முதலில் மாவு மாதிரி ஒன்றைக் கொடுத்துப் பிசையச் சொன்னாள், அப்புறம் பட்டாணியைப் பொறுக்கச் சொன்னாள். நூலக்காவுக்கு எரிச்சல். ஒருநாள் அந்தப் பெண் ஒரு கம்பளி நூல் பந்தையும் இரண்டு ஊசிகளையும் கொடுத்து, "மிச்சம் இருக்கிற விரலுங்க, போனதோட வேலையையும் சேர்த்துக் கத்துக்கணும்மா" என்றாள். இடது ஊசியைக் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பிடிக்க வேண்டும். நூலை வளைத்து ஊசியில் இருபது கண்ணி ஏற்றினால் ஏழு நழுவிவிடும். நூலக்கா இரண்டு தடவை ஊசியைத் தூக்கி எறிந்தாள். மூன்றாவது நாள் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"ஒவ்வொரு கண்ணிக்கும் அவன் பேரைச் சொல்லிக் குத்தினேன்டி. அப்பதான் ஊசி நேராப் போச்சு."

ஐந்து மாதம் கழித்து வேலைக்குத் திரும்பி வந்தாள். வெட்டும் இயந்திரத்தில் வேறு ஆளைப் போட்டு, அவளை என் பக்கத்தில் பொட்டலம் கட்ட உட்கார வைத்தார்கள். முதல் நாளே இப்பவே சார் எங்கள் மேஜைக்கு வந்து, "பாரு, பழசை நினைச்சுக்கிட்டு இருக்காதே. நடந்தது நடந்துபோச்சு" என்றார். அவள், "சரி சார்" என்றாள். அவர் நகர்ந்ததும் மேஜைக்கு அடியில் என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அன்று கன்றியது ஒரு வாரம் இருந்தது. கோபம் அவர் மேல், தொடை என்னுடையது.

சாப்பாட்டு நேரத்தில் பின்ன ஆரம்பித்தாள். அவள் பின்னியதெல்லாம் காபிக் கப்புக்கு உறைதான். சின்ன வேலை, நான்கு நாளில் முடியும், சட்டை மாதிரி வருஷக் கணக்கில் இழுக்காது. நாற்பத்து நான்கு கண்ணி ஏற்றுவாள். ஓரம் சுருளாமல் இருக்க நான்கு வரிசை இரண்டு நேராகக் குத்துகிற கண்ணி, இரண்டு புரட்டிக் குத்துகிற கண்ணி. அதற்கு மேலே சடை. ஆறு நேர்க்கண்ணி ஒரு சடைக்கு, பக்கத்தில் ஐந்து புரட்டுக்கண்ணி, இப்படிச் சுற்றிலும் நான்கு சடை. ஆறு வரிசைக்கு ஒரு தடவை, ஆறில் முதல் மூன்று கண்ணியை ஒரு குட்டி ஊசிக்கு மாற்றி முன்பக்கம் தொங்கவிட்டு, அடுத்த மூன்றைப் பின்னி, பிறகு தொங்குகிற மூன்றைப் பின்னினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் புரி விழும். எனக்கும் சொல்லிக் கொடுத்தாள். பத்து விரல் இருந்தும் எனக்கு வரவில்லை.

ஒவ்வொருவராக ஆசைப்பட்டுக் கேட்டார்கள். தன்னிடம் முகம் கொடுத்துப் பேசியவர்களுக்கு மட்டும் பின்னிக் கொடுத்தாள். முதலில் எனக்கு. அப்புறம் ஸ்பேனருக்கு. ஸ்பேனர் என்றால் எங்கள் மெக்கானிக், வாய்க்கு வெளியே வார்த்தை வராத மனிதர். நீல நிறத்தில் ஒன்று பின்னி, "அண்ணே, இந்தாங்க. நீங்க ஒருத்தர்தான் எங்கிட்ட ஒருநாளும் 'ஏன் ஒட்டினே'ன்னு கேக்கல" என்று கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை, ஆட்கள் வரும் முன்பே, எங்கள் மேஜைக்கு வந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது.

"தங்கச்சி, ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்ல. நீ பின்னினதைக் கையில பிடிச்சு என்னால காபி குடிக்க முடியல." தன் கருவிப் பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். எட்டாக மடித்த தாள். அதன் மேல் ஒட்டிய பழுப்பு டேப். டேப்பில் ஒரு பக்கம் கறுத்துப்போன கறை.

"அன்னிக்கு எல்லாரும் உன்னைத் தூக்கிட்டு ஓடினீங்க. நான் மெயின் ஸ்விட்சை அணைக்க உள்ளே நின்னேன். அவர் பட்டன்லேர்ந்து பிச்சுக் குப்பைத் தொட்டியில போட்டார். நான் இருந்ததை அவர் பாக்கல. எடுத்து வச்சேன். வச்சதோட சரி."

நூலக்கா தாளைப் பிரித்தாள். இப்பவே சாரின் கிறுக்கல் எழுத்து. "பல் டாக்டர் ஐந்தரை. செருப்புத் தையல். மின்சார ஆபீஸ்." டைரித் தாள். அவர் சட்டைப் பையிலிருந்து தவிர வேறு எங்கிருந்தும் வர முடியாத தாள்.

"ஒரு வருஷமா வச்சிருந்தீங்களா?" என்றாள் அவள், மெதுவாக.

"வேலை போயிடும்னு பயம். இப்பவும் பயம்தான். இதை என்ன வேணா பண்ணிக்கோ, என் பேரை மட்டும் இழுக்காதே, தங்கச்சி."

அவர் போன பிறகு நான் துள்ளினேன். "அக்கா, இதை நேரா முதலாளியம்மாகிட்டக் கொண்டுபோ!"

"கொண்டுபோய்? 'எங்கேருந்து கிடைச்சது'ன்னு கேப்பாங்க. அண்ணன் பேரைச் சொல்ல முடியாது. 'அவளே டைரியைக் கிழிச்சு வச்சிருக்கா'ன்னு அவன் சொல்லுவான். என் சொல்லை நம்பற உலகமா இது?" தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

அந்த வாரமே இப்பவே சார் எங்கள் மேஜை முன் நின்று, கைக்குட்டை சுற்றிய கப்பைத் தூக்கிக் காட்டினார். "ஊருக்கெல்லாம் பின்றே. எனக்கு ஒண்ணு கிடையாதா?"

வேறு யாராக இருந்தாலும் அந்தக் கப்பை வாங்கி அவர் தலையில் கவிழ்த்திருப்பார்கள். நூலக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"உங்களுக்கு இல்லாமலா சார்? நல்லாவே பின்னித் தரேன்."

பழுப்பு நூல் வாங்கினாள். ஒவ்வொரு சடையையும் அளந்து இழுத்து, ஒரு கண்ணிகூடத் தளராமல் பின்னினாள். அதன் உட்புறத்துக்கு ஒரு பழைய தலையணை உறையை வெட்டி உள்துணி தைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்குத் தெரியாமல் எதையும் தைக்க முடியாது. நாங்கள் லேபிள் கட்டுகளைச் சுற்றுகிற பிளாஸ்டிக் தாளில் ஒரு துண்டு வெட்டி, அந்த எட்டு மடிப்புத் தாளை, டேப்போடு, கறையோடு, அதற்குள் தட்டையாக வைத்துச் சுற்றி, உள்துணிக்கும் பின்னலுக்கும் நடுவில் செருகித் தைத்து மூடினாள்.

"அக்கா, பைத்தியமா உனக்கு? இருக்கிற ஒரே சாட்சியை அவர் கையிலேயே கொடுக்கறியே!"

"சாட்சின்னு நீதான் சொல்றே. எவன் கேக்கறான்? இருக்கட்டும். அவன் பாவத்தை அவனே பிடிச்சுக்கிட்டு அலையட்டும். எனக்கு அதைப் பாக்கணும்டி."

இப்பவே சாருக்கு உறை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரு சந்தேகம் மட்டும். "பிடிச்சா சரசரன்னு சத்தம் வருதே?"

"சூடு இறங்காம இருக்க உள்ளே காகிதம் வச்சிருக்கேன் சார். நம்ம ஆபீஸ் காகிதம்தான்."

"கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதிலிருந்து பதினோரு வாரம் நூலக்கா வாழ்ந்த வாழ்வை என்னவென்று சொல்ல. காலை எட்டே முக்காலுக்கு முதல் காபி. அவர் கை உறையைச் சுற்றிப் பிடிக்கும்போது அவள் பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிடுவாள். அவர் குடித்து முடிக்கும்வரை பார்ப்பாள். மெலிந்திருந்தவள் உடம்பு தேறினாள். முகத்தில் ஒரு மினுக்கு வந்தது. ஆர்டர் கொடுக்க வந்தவர்களிடம் அவர் கப்பைத் தூக்கிக் காட்டி, "நம்ம பொண்ணு பின்னினது. கையில அடிபட்டும் எவ்வளவு நேர்த்தி பாருங்க" என்றபோது, அவள் எழுந்து கழிப்பறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. அவர் கப்பைத் தொலைத்துவிட்டால், உறையைத் துவைக்கப் போட்டால் என்று நான் சொல்வேன். "ஆடற வரைக்கும் ஆடட்டும்" என்பாள். எப்போது சொல்லப் போகிறாய் என்று கேட்டால் அடுத்த கட்டை இழுத்துச் சுற்ற ஆரம்பித்துவிடுவாள். சொல்லிவிட்டால் பார்க்கிற சுகம் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது.

பன்னிரண்டாவது வாரத்தின் திங்கள்கிழமை. வெட்டும் இயந்திரத்தில் இருந்தவர் வேலையை விட்டுப் போய், புது ஆள் வந்து இரண்டு நாளாகியிருந்தது. நாற்பது வயது இருக்கும், வேறொரு தொழிற்சாலை மூடியதால் இங்கே வந்தவர். பெயர் கேட்பதற்குள் "புதுசு" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். நூலக்கா தண்ணீர் குடிக்கப் போனவள் இயந்திரத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள். இடது பட்டனில் பழுப்பு டேப்.

"இதை யாரு ஒட்டினது?"

"சார்தான்க்கா. ஆர்டர் அவசரமாம்."

"பிய்ச்சுப் போடுங்க."

"புதுசா வந்திருக்கேன்க்கா. சொன்னதைக் கேக்கலைன்னா..."

அவளே பிய்க்கக் கை நீட்டினாள். "உன் மேஜையைப் பாரு" என்று பின்னாலிருந்து இப்பவே சார் குரல் கேட்டது. அவர் கையில் கப். கப்பில் அவள் பின்னிய உறை.

அவள் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பதினோரு வாரம் வேடிக்கை பாத்தேன்டி" என்றாள். "அந்த ஆளோட விரலை வச்சு நான் வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்." எழுந்து நேராக ஸ்பேனரிடம் போனாள். என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டது மட்டும் தெரிந்தது. அங்கிருந்து புதுசுவிடம் போனாள். "பத்தரை வரைக்கும் வலது கையால மட்டும் அழுத்துங்க, இடது கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்கோங்க. மெதுவா வெட்டுறீங்கன்னு திட்டினா திட்டட்டும்" என்றாள்.

மாதத்தின் முதல் திங்கள் பத்தரைக்கு முதலாளியம்மா வந்து எங்களோடு நின்று காபி குடிப்பார். அன்றும் வந்தார். எல்லோரும் பொட்டலம் கட்டும் மேஜையைச் சுற்றி நின்றோம். இப்பவே சார் ஆர்டரைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

"சார், அந்தக் கப்பை ஒரு நிமிஷம் கொடுங்க" என்றாள் நூலக்கா. "தையல் விட்டிருக்கு."

அவர் பேச்சை நிறுத்தாமலே கொடுத்தார். அவள் உறையை உருவி, குட்டிக் கத்தரியால் உள்துணியின் தையலை ஒவ்வொன்றாக வெட்டினாள். அவசரப்படவே இல்லை. பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, மடித்த தாளை முதலாளியம்மா கையில் வைத்தாள்.

"அம்மா, படிங்க. சத்தமா."

முதலாளியம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "பல் டாக்டர் ஐந்தரை. செருப்புத் தையல். மின்சார ஆபீஸ்... என்னம்மா இது?"

"யாரு எழுத்துன்னு தெரியுதா? அதுல ஒட்டியிருக்கிற டேப்பைப் பாருங்க. அதுல இருக்கிறது என் ரத்தம். என் ரெண்டு விரலை வெட்டின அன்னிக்கு இடது பட்டன்ல செருகியிருந்தது இதுதான். செருகினவர் இவர்."

இப்பவே சாரின் முகம் வெளுத்தது. ஆனாலும் சளைக்கவில்லை. "என் டைரியைக் கிழிச்சு இவளே தயார் பண்ணியிருக்காம்மா. பழசை மனசுல வச்சுக்கிட்டுப் பழி வாங்கறா."

"ஆமா, பழிதான் வாங்கறேன்" என்றாள் அவள். "பொய்யா வாங்கறேனான்னு கேளுங்க."

பிறகு ஸ்பேனர் கையிலிருந்த தன் காபியைக் கீழே வைத்தார். "அவ தயார் பண்ணலைம்மா. அவர் பட்டன்லேர்ந்து பிச்சுக் குப்பையில போட்டதை நான் என் கண்ணால பாத்தேன். எடுத்து வச்சவன் நான்தான்." இவ்வளவு நீளமாக அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை.

"ரெண்டு பேரும் சேர்ந்து..." என்று இப்பவே சார் ஆரம்பிப்பதற்குள் புதுசு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். எப்போது போனார் என்று தெரியவில்லை. கையில் பிய்த்தெடுத்த பழுப்பு டேப். டேப்புக்குள் மடித்த தாள். எட்டு மடிப்பு. பிரித்தால் போன வாரத் தேதி போட்ட டைரித் தாள், அதே கிறுக்கல். "இன்னிக்குக் காலையில வச்சதும்மா" என்றார்.

முதலாளியம்மா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழைய அறிக்கையில் அவரும் கையெழுத்துப் போட்டிருந்தார். உட்கார ஒரு நாற்காலி கேட்டார்.

நூலக்கா அப்போதும் விடவில்லை. உறையை இப்பவே சாரின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "பதினோரு வாரம் சார். ஒரு நாளைக்கு ஆறு காபி. ஒவ்வொண்ணையும் என் ரத்தத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் குடிச்சீங்க. நல்லா இருக்குன்னு ஊருக்கெல்லாம் காட்டினீங்க."

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பேன்ட்டில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

ஆய்வாளர் திரும்ப வந்தார், வழக்கு நடந்தது, எழுத்தெழுத்தாக எல்லாம் எழுதினார்கள். இப்பவே சார் வேலையை விட்டுப் போக வேண்டியதாயிற்று. வெட்டும் இயந்திரத்தை மாற்றினார்கள். இதெல்லாம் கொஞ்சம் நாள் பிடித்தது. அதற்கு முன்பே நூலக்கா ஸ்பேனரிடம் போய் அந்த நீல உறையைக் கேட்டு வாங்கி, அவர் கண் முன்னாலேயே நூலை உருவிப் பந்தாகச் சுற்றினாள். "பேசினதுக்கு நன்றிண்ணே. ஒரு வருஷம் பேசாம இருந்ததுக்கு இது." அவர் ஏற்றுக்கொண்டார். நான் என் உறையைப் பையில் ஒளித்து வைத்தேன். அவள் பார்த்துவிட்டு, "வச்சுக்கோ. ஆனா நீயும் நம்பினவதான்னு எனக்குத் தெரியும்" என்றாள். அதோடு விட்டாள். விட்டாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

புது அறிக்கையின் நகல் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டில் நானும் இருந்தேன். தெருப்பக்க ஜன்னலை அகலத் திறந்து வைத்தாள். காகிதத்தைக் கணவர் கையில் கொடுத்தாள்.

"படிங்க."

அவர் மனதுக்குள் படித்தார்.

"வாய்விட்டுப் படிங்க. பஸ்ல 'உள்ளே போ'ன்னு கத்துவீங்களே, அந்தக் குரல்ல."

அவர் படித்தார். "பணியாளர் மீது எந்தத் தவறும் இல்லை" என்ற இடம் வந்ததும், "அந்த வரி இன்னொரு தடவை" என்றாள். மூன்று தடவை படிக்க வைத்தாள். மூன்றாவது தடவை அவர் குரல் உடைந்தது. எதிர்வீட்டு அம்மா துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். "தப்புதான், மன்னிச்சுடு" என்றார் அவர். "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். அதன் பிறகும் ஒரு மாதம் அவரோடு ஜாடையில்தான் பேசினாள்.

அத்தோடு அவள் மனம் அடங்கிவிட்டது என்று நான் எண்ணினேன். போன வருஷம் அவள் கண்ணாடி மாற்றக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

டோக்கன் நாற்பத்திரண்டு. கூடம் நிறைய ஆட்கள். உட்கார்ந்த இடத்தில் பின்ன ஆரம்பித்தாள். பக்கத்தில் ஒரு கண்ணில் கட்டுப் போட்ட ஒரு பெண்மணி. ஒற்றைக் கண்ணால் சடைப் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தவள், "எவ்வளவு அழகா இருக்கு! காபிக் கப்புக்கா?" என்று பேச்சைத் தொடங்கினாள். அப்புறம் கையைக் கவனித்தாள். "ஐயோ, விரலுக்கு என்னம்மா ஆச்சு?"

நூலக்கா பதில் சொல்ல வாயெடுக்கும்போது, மருந்துச் சீட்டோடு ஒரு மனிதர் வந்து அந்தப் பெண்மணிக்கு மறுபக்கம் உட்கார்ந்தார். தலை நரைத்திருந்தது. இப்பவே சார். நிமிர்ந்து பார்த்தவர் அப்படியே உறைந்துவிட்டார்.

"இவர் என் வீட்டுக்காரர்" என்றாள் அந்தப் பெண்மணி.

"தெரியும்மா. ஒரே இடத்துலதான் வேலை பாத்தோம்" என்றாள் நூலக்கா, ஊசியை நிறுத்தாமல். "விரலுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டீங்களே, இவரையே கேளுங்க. என்னைவிட நல்லாத் தெரியும்."

"அப்படியா? நீங்க சொன்னதே இல்லையே. என்னங்க ஆச்சு இவங்களுக்கு?"

அவர் தரையைப் பார்த்தார். அப்போது, "நாற்பத்திரண்டு" என்று நர்ஸ் கூப்பிட்டாள். நூலக்கா எழுந்திருக்கவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டதும், "அடுத்தவங்களை அனுப்புங்கம்மா. எனக்கு அவசரம் இல்ல" என்று குரல் கொடுத்துவிட்டு, மூன்று கண்ணியைக் குட்டி ஊசிக்கு மாற்றி முன்னால் தொங்கவிட்டாள்.

"சொல்லுங்களேன்" என்றாள் மனைவி.

அவர் ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கலைங்க."

"மிஷின்ல வெட்டுச்சு" என்றார். "நான்தான் பட்டனை டேப் போட்டு ஒட்டினேன். அவங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க. நான் கேக்கல." மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டே, "அவங்க மேல பழியைப் போட்டேன்" என்றார்.

அந்தப் பெண்மணி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் இத்தனை நாளும் வீட்டில் என்ன கதை சொல்லி வைத்திருந்தாரோ, அதையெல்லாம் அவள் ஒற்றைக் கண்ணால் திரும்பவும் படிப்பது மாதிரி இருந்ததாம்.

நூலக்கா வரிசையை முடித்து, நூலைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். அவர் பக்கம் திரும்பவில்லை. அவளுடைய முறை போய்விட்டதால் ஜன்னலில் புது டோக்கன் வாங்க வேண்டியிருந்தது. எழுபத்தொன்று. இன்னும் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

"அலுப்பே தெரியலடி" என்றாள் என்னிடம்.